ஏசிஎம் சான்றிதழ்களைக் கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமேசான் கிளவுடில் தளம் நடத்துகிறவர்களில் பலர் தங்கள் டிஎல்எஸ் சான்றிதழ்களை (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டி, இணைப்பைப் பாதுகாக்க உதவுபவை) ஏசிஎம் (சர்ட்டிபிகேட் மேனேஜர்) என்ற அமேசான் சேவையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ்களை யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பதைக் கிளவுட்ட்ரெயில் என்ற கருவி பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளைப் படிப்பது, எச்சரிக்கை அமைப்பது, குழுவுக்கான ஆவணம் எழுதுவது பற்றி இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. தளம் விழுவது அந்தத் தேதியில்தான், ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் மாதங்களுக்கு முன்பே யாரோ செய்த ஒரு சிறு மாற்றத்தில் இருக்கும்.

ஏசிஎம் தானாகவே புதுப்பித்துவிடுகிறதே, பிறகு கண்காணிப்பு எதற்கு?

தானாகப் புதுப்பிப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. சான்றிதழ் ஏசிஎம் வழங்கியதாக இருக்க வேண்டும். வெளியில் வாங்கி உள்ளே ஏற்றியது என்றால் அதைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு. லோடு பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), கிளவுட்ஃபிரன்ட் (தளத்தைப் பயனருக்கு அருகிலிருந்து வழங்குவது) போன்ற ஏதாவது ஒரு சேவையில் அது பயன்பாட்டில் இருக்க வேண்டும். டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் முகவரிப் பட்டியல்) வழியாகச் சரிபார்த்த சான்றிதழ் என்றால், டொமைன் உங்களுடையது என்று காட்ட அன்று போட்ட சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் வரி) இன்றும் அதே இடத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் வழியாகச் சரிபார்த்தது என்றால் ஒவ்வொரு முறையும் யாராவது அந்த அஞ்சலைத் திறந்து ஒப்புதல் தர வேண்டும்.

இந்த நான்கையும் கெடுக்க எதிரி யாரும் வர வேண்டியதில்லை, அன்றாட வேலையே போதும். டொமைனை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அடிக்கோட்டில் தொடங்கும் நீளமான சிநேம் பதிவைப் பார்த்து "இது என்னவோ பழைய குப்பை" என்று விட்டுவிடுவார்கள். அல்லது வெப்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர் என்ற பெயர்களில் இருந்த அஞ்சல் பெட்டிகளை, யாரும் பார்ப்பதில்லை என்று மூடிவிடுவார்கள். அன்றைக்கு எதுவும் ஆகாது. தளம் நன்றாகவே ஓடும். அடுத்த புதுப்பித்தல் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் மாற்றியவர் வேறு குழுவுக்கே போயிருக்கலாம்.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்தது. இப்போது ஏன் இவ்வளவு அவசரம்?

சான்றிதழின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2018 மார்ச்சில் உச்ச வரம்பு 825 நாள் ஆனது. 2020 செப்டம்பர் 1 முதல் 398 நாள். சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம், ஆப்பிள் முன்வைத்த திட்டத்தை 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பில் ஏற்றது. அதன்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். டொமைன் உங்களுடையது என்பதற்கான சரிபார்ப்பை மறுபடி பயன்படுத்தும் காலமும் 2029இல் 10 நாளாகக் குறைகிறது.

வருடத்தில் ஒருமுறை நடந்த புதுப்பித்தல் இனி ஒன்பது, பத்து முறை நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்ய முடியாது, தானியங்கிதான் செய்யும். அப்போது மனிதர்கள் பார்க்க வேண்டியது தானியங்கி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை. அதற்குத்தான் பதிவுகள்.

கிளவுட்ட்ரெயில், கிளவுட்வாட்ச், ஈவென்ட்பிரிட்ஜ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எதை எதற்குப் பயன்படுத்துவது?

யார் என்ன செய்தார் என்பதற்குக் கிளவுட்ட்ரெயில். இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்ற எண்ணுக்குக் கிளவுட்வாட்ச். "இப்போது இது நடந்தது" என்று உடனே தகவல் வர ஈவென்ட்பிரிட்ஜ். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளவுட்வாட்ச் எண் குறைந்துகொண்டே வருவதைக் காட்டும், ஏன் குறைகிறது என்று சொல்லாது. கிளவுட்ட்ரெயில் காரணத்தைச் சொல்லும், ஆனால் நீங்களாகப் போய்க் கேட்டால்தான் சொல்லும்.

கிளவுட்ட்ரெயிலில் ஒரு சான்றிதழ்ப் பதிவை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு பதிவும் ஜேசன் என்ற உரை வடிவத்தில், புலத்தின் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக வரும். முதல்முறை பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆறேழு புலங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஈவென்ட் சோர்ஸ். ஏசிஎம் செயல்கள் எல்லாம் ஏசிஎம்மின் முகவரியைத் தாங்கி வரும், அதை வைத்து வடிகட்டலாம். அடுத்தது ஈவென்ட் நேம், அதாவது நடந்த செயல். ரிக்வெஸ்ட் சர்ட்டிபிகேட் என்றால் புதிய சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். இம்போர்ட் என்றால் வெளியிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் என்றால் வெளியே எடுத்திருக்கிறார்கள். டெலீட் என்றால் அழித்திருக்கிறார்கள். ரிக்வெஸ்ட் பாராமீட்டர்ஸ் என்ற பகுதியில் எந்த டொமைனுக்குக் கேட்டார்கள், எந்த வழியில் சரிபார்க்கச் சொன்னார்கள் என்பது இருக்கும். ரெஸ்பான்ஸ் எலிமென்ட்ஸில் அதற்குக் கிடைத்த சான்றிதழின் ஏஆர்என் அடையாளம் இருக்கும். இந்த ஏஆர்என்னைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற பதிவுகளில் தேட அதுதான் சாவி.

பிறகு யூசர் ஐடென்டிட்டி. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு ஆளின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், அங்கே "அஸ்யூம்ட் ரோல்" என்று இருக்கும். அதாவது யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. ரோலின் பெயருக்குப் பின்னால் சாய்கோடிட்டு வரும் செஷன் பெயர்தான் உண்மையில் யார் என்பதைக் காட்டும். தானியங்கி நிரல்களுக்கெல்லாம் "செஷன்1" என்பது மாதிரி ஒரே பெயர் வைத்திருந்தால், பதிவு இருந்தும் பயன் இல்லை. எந்த நிரல், எந்த வெளியீடு என்று தெரியும்படி செஷன் பெயர் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். பின்னால் அது எத்தனையோ மணி நேரத்தைக் காப்பாற்றும்.

எரர் கோடு என்ற புலத்தையும் தாண்டிப் போகாதீர்கள். தோல்வியடைந்த முயற்சிகளும் பதிவாகின்றன. பயன்பாட்டில் இருக்கும் சான்றிதழை ஏசிஎம் அழிக்க விடாது, "ரிசோர்ஸ் இன் யூஸ்" என்று பிழை தரும். அப்படி ஒரு பிழை பதிவாகியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் சான்றிதழை யாரோ அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று விடாமல், ஏன் என்று அன்றே கேட்க வேண்டும்.

ஏசிஎம் பதிவுகளை மட்டும் பார்த்தால் முழுக் கதையும் கிடைக்குமா?

கிடைக்காது. எந்தச் சான்றிதழ் எந்த லோடு பேலன்சரில் மாட்டப்பட்டது என்பது லோடு பேலன்சரின் பதிவில் இருக்கும். மாடிஃபை லிசனர், ரிமூவ் லிசனர் சர்ட்டிபிகேட்ஸ் போன்ற செயல்களைப் பாருங்கள் (லிசனர் என்பது லோடு பேலன்சரில் இணைப்புகளை வாங்கும் பகுதி). கிளவுட்ஃபிரன்டில் என்றால் அப்டேட் டிஸ்ட்ரிபியூஷன். டிஎன்எஸ் அமேசானின் ரூட் 53 சேவையில் இருந்தால், சிநேம் அழிந்த கதை அங்கே 'சேஞ்ச் ரிசோர்ஸ் ரெக்கார்ட் செட்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும். டிஎன்எஸ் வேறு நிறுவனத்தில் இருந்தால் அமேசானின் பதிவில் ஒரு தடயமும் இருக்காது. அந்த நிலையில் இருப்பவர்கள், சரிபார்ப்பு சிநேம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தினம் ஒருமுறை கேட்டுப் பார்க்கும் ஒரு சின்ன நிரலை எழுதி ஓட்டிவிடுவது நல்லது. டொமைனுக்கு எந்த நிறுவனம் சான்றிதழ் வழங்கலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் சிஏஏ பதிவையும் அதே நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு இருந்து, அதில் அமேசானுக்கு அனுமதி இல்லை என்றால் புதுப்பித்தல் அங்கேயே நின்றுவிடும்.

பதிவில் இருக்கும் நேரம் தப்பாக இருக்கிறதே?

தப்பில்லை, அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். காலாவதி நேரமும் யுடிசிதான். 23:59:59 என்று முடியும் சான்றிதழ் நம் கணக்குக்கு மறுநாள் விடியற்காலை 5:29க்கு முடிகிறது. அந்த நேரத்தில் யார் போனை எடுப்பார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி பக்கத்திலேயே எல்லாம் தெரிகிறது. தனியாக ட்ரெயில் (பதிவுகளைத் தொடர்ந்து சேமிக்கும் அமைப்பு) வேண்டுமா?

வேண்டும். ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாள் பதிவுகள்தான் இருக்கும், அதுவும் அந்தந்த ரீஜனுக்கு (அமேசானின் சர்வர்கள் இருக்கும் பகுதி) தனித்தனியாக. மேலே சொன்ன சிநேம் கதையில் தவறு நடந்தது ஆறேழு மாதம் முன்பு என்றால், தேடும்போது அந்தப் பக்கம் காலியாக இருக்கும்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்குச் சட்டப்படியான காரணமும் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். கடிகாரங்களை அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். 90 நாள் எங்கே, 180 நாள் எங்கே! ஆகவே எல்லா ரீஜன்களையும் உள்ளடக்கிய ஒரு ட்ரெயிலை உருவாக்கி, எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புச் சேமிப்பிடம்) சேமிக்கச் சொல்லுங்கள். மேலாண்மைச் செயல்களின் முதல் பிரதிக்குக் கிளவுட்ட்ரெயில் கட்டணம் கேட்பதில்லை. எஸ்3 சேமிப்புக்கு மட்டும் பணம். சான்றிதழ்ச் செயல்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவற்றால் ஏறும் செலவு பெரிதாக இருக்காது.

பதிவையே யாராவது மாற்றிவிட்டால்?

இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுளின் பெயரில் இருந்த ஒன்று ஈரானில் இருந்த பயனர்களை வேவு பார்க்கப் பயன்பட்டது. விசாரித்த ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் கண்ட குறைகளில் ஒன்று, பதிவுகளைப் பாதுகாப்பாக ஓரிடத்தில் சேர்க்கும் மைய ஏற்பாடே அங்கு இல்லை என்பது. அதே ஆண்டு செப்டம்பரில் டிஜிநோட்டார் திவாலானது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பதிவுகள், அவை யாரைப் பற்றியவையோ அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பதிவுகளுக்கென்று தனி அமேசான் கணக்கு வைத்து, அதில் இருக்கும் பக்கெட்டுக்கு அனுப்புங்கள். கிளவுட்ட்ரெயிலின் லாக் ஃபைல் வேலிடேஷனை இயக்கினால், மணிக்கு ஒருமுறை ஒரு டைஜெஸ்ட் கோப்பு (பதிவுக் கோப்புகளின் கைரேகைப் பட்டியல்) கையொப்பத்தோடு வரும். ஒரு பதிவுக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும், ஒரு கோப்பே காணாமல் போனாலும், சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். எஸ்3இல் ஆப்ஜெக்ட் லாக் போட்டால் குறிப்பிட்ட காலம்வரை அழிக்கவும் முடியாது.

எந்தெந்தச் செயலுக்கு உடனடி எச்சரிக்கை வைக்கலாம்?

எல்லாவற்றுக்கும் வைத்தால் இரண்டு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். என் தேர்வு இவை. டெலீட் சர்ட்டிபிகேட், வெற்றியோ தோல்வியோ. எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட், ஏனென்றால் அதோடு தனிச்சாவியும் (சான்றிதழோடு சேர்ந்த ரகசியச் சாவி) வெளியே போகிறது. நீண்ட காலம் நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் தனியார் சான்றிதழ்களை மட்டுமே அப்படி எடுக்க முடிந்தது. 2025 முதல் பொதுச் சான்றிதழ்களையும், எடுக்கலாம் என்று கேட்டு வாங்கியிருந்தால், எடுக்க முடிகிறது. அதனால் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. மூன்றாவது, உங்கள் வழக்கமான தானியங்கி ரோல் தவிர வேறு யார் ரிக்வெஸ்ட் அல்லது இம்போர்ட் செய்தாலும்.

இவற்றை ஈவென்ட்பிரிட்ஜில் "கிளவுட்ட்ரெயில் வழியான ஏபிஐ அழைப்பு" என்ற வகையில் விதியாக எழுத வேண்டும். அதற்கு ஒரு ட்ரெயில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, விதி ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

இது தவிர ஏசிஎம் தானாக அனுப்பும் நிகழ்வுகள் உண்டு. காலாவதி நெருங்குகிறது என்ற நிகழ்வு, மாற்றாமல் விட்டால், 45 நாள் இருக்கும்போது தொடங்கித் தினமும் வரும். புதுப்பிக்க உங்கள் தலையீடு வேண்டும் என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் விலைமதிப்பானது அதுதான், சிக்கல் இருக்கிறது என்று அது நேரடியாகவே சொல்கிறது. புதுப்பித்தல் நல்லபடி முடிந்தால் "சான்றிதழ் தயார்" என்ற நிகழ்வு வரும். அதையும் சேமியுங்கள், ஆனால் யாரையும் எழுப்ப வேண்டாம்.

நாள் எண்ணிக்கை அலாரத்துக்கு எந்த எண்ணை வைப்பது?

ஏசிஎம் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 'டேஸ் டு எக்ஸ்பைரி' என்ற அளவை ஒரு நாளைக்கு இரண்டு முறை கிளவுட்வாட்ச்சுக்கு அனுப்புகிறது. அதனால் அலாரத்தின் கால அளவை ஒரு நாள் என்று வையுங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்தால் பெரும்பாலான நேரம் தகவல் இல்லை என்றே காட்டும்.

எண்ணைப் பொறுத்தவரை ஒரு நியாயம் சொல்கிறேன். தானியங்கி எப்போது வேலையை முடித்திருக்க வேண்டுமோ, அதற்குச் சற்றுப் பின்னால் அலாரம் இருக்க வேண்டும். ஏசிஎம் பல வாரம் முன்பே புதுப்பித்துவிடும், ஆகவே நீளமான சான்றிதழுக்கு 30 நாளில் அலாரம் அடித்தால் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பொருள். இதே 30ஐ 47 நாள் சான்றிதழுக்கு வைத்தால் தினம் தினம் அடிக்கும், எல்லோரும் அதை அணைத்துவிடுவார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை எழுதாமல், புதுப்பித்தல் முடிந்திருக்க வேண்டிய நாளுக்குச் சற்றுப் பின்னால் என்று ஒவ்வொரு சான்றிதழின் ஆயுளுக்கு ஏற்ப ஆவணத்தில் எழுதி வையுங்கள்.

எங்களுடையது எல்லாம் மும்பை ரீஜனில்தான். அங்கே தேடினால் சான்றிதழே காணவில்லை.

கிளவுட்ஃபிரன்டில் பயன்படும் சான்றிதழ் வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் இருக்க வேண்டும் என்பது அமேசானின் விதி. சர்வர்கள் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருந்தாலும் அப்படித்தான். பதிவும் அளவும் நிகழ்வும் சான்றிதழ் இருக்கும் ரீஜனில்தான் தோன்றும். மும்பையில் மட்டும் விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், வாடிக்கையாளர்கள் முதலில் தொடும் சான்றிதழைத்தான் கவனிக்காமல் விடுகிறீர்கள்.

அமேசானில் நாங்களே நிர்வகிக்கும் இசி2 சர்வரில், லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாக வழங்கும் சான்றிதழ் வைத்திருக்கிறோம். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

ஏசிஎம்முக்கு அது இருப்பதே தெரியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூன் 4 முதல் அதையும் நிறுத்திவிட்டது. அந்த அஞ்சலை நம்பி இருந்த சிறு நிறுவனங்கள் இன்னமும் மாற்று ஏற்பாடு செய்யாமல் இருந்தால், இந்த வாரமே செய்யுங்கள். அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரல் புதிய கோப்பை எழுதிவிடும், ஆனால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். வட்டில் இருக்கும் கோப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், வெளியிலிருந்து தளத்தோடு இணைந்து அது தரும் சான்றிதழின் தேதியைப் படியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை ஒன்றே போதும். டொமைன் பெயரையும் சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சர்வர் வேறு சான்றிதழைத் தரலாம். ஏசிஎம் பயன்படுத்துகிறவர்களும் இந்த வெளிச் சோதனையைச் செய்ய வேண்டும். கன்சோலில் எல்லாம் பச்சையாக இருந்து, லிசனரில் பழைய சான்றிதழ் மாட்டியிருப்பது நடக்கக்கூடியதுதான்.

வெளியாருக்குத் தெரியாத உள் சான்றிதழ்களையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். பெரிய விபத்துகள் பல அங்கேதான் நடந்திருக்கின்றன. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2, ஜப்பானின் சாஃப்ட்பேங்க் வாடிக்கையாளர்களின் மொபைல் சேவை முடங்கியது. காரணம், எரிக்சன் வழங்கிய நெட்வொர்க் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. எந்தப் பிரவுசரும் காட்டக்கூடிய சான்றிதழ் அல்ல அது.

அதைவிட வேதனையானது அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கதை. மறையாக்கம் செய்த போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்துச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி, 19 மாதம் அப்படியே கிடந்தது என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் 2018 அறிக்கை சொல்கிறது. கருவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. 2017 ஜூலை 29 அன்று சான்றிதழை மாற்றியதும், திருடர்கள் தரவை எடுத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அவர்கள் மே மாதத்திலிருந்து உள்ளே இருந்தார்கள். ஏறத்தாழ 14.8 கோடிப் பேரின் விவரங்கள் போயின. கண்காணிக்கும் கருவிகளின் சான்றிதழ்களை உங்கள் பட்டியலில் முதல் வரிசையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

நம் டொமைனுக்கு வேறு யாராவது சான்றிதழ் வாங்கினால் கிளவுட்ட்ரெயிலில் தெரியுமா?

உங்கள் கணக்குக்கு வெளியே நடப்பது தெரியாது. அதற்கு சர்ட்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி பதிவேடுகள் இருக்கின்றன. பொதுச் சான்றிதழ்கள் யாரும் பார்க்கும்படி அங்கே பதியப்படுகின்றன. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு வழங்கிய சான்றிதழ்களுக்குக் குரோம் அதைக் கட்டாயமாக்கியது. இது ஏன் வேண்டும் என்று இந்தியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஜூலையில் நம் என்ஐசியின் பெயரிலேயே கூகுள், யாஹூ டொமைன்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டது வெளிவந்தது. கண்டுபிடித்தது கூகுள். அதன்பின் இந்தியச் சான்றிதழ் அதிகார அமைப்பின் சான்றிதழ்களைச் சில குறிப்பிட்ட டொமைன்களுக்குள் குரோம் கட்டுப்படுத்தியது.

அந்தப் பதிவேடுகளில் தேட உதவும் சிஆர்டி டாட் எஸ்ஹெச் (crt.sh) தளத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மறந்துபோன சோதனைத் தளங்களும் வரும். அதே பட்டியலை எல்லோரும் பார்க்கலாம் என்பதால், ரகசியத் திட்டங்களின் பெயரை சப்டொமைனில் வைக்காதீர்கள்.

ஆவணத்தில் என்ன எழுதுவது? யார் படிப்பார்கள்?

ராத்திரி எழுப்பப்பட்ட, இந்தச் சான்றிதழை இதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் படிப்பார். அவரை மனதில் வைத்து எழுதுங்கள். "ஏசிஎம் என்பது அமேசானின் ஒரு சேவை" என்று தொடங்கும் ஆவணம் அவருக்கு உதவாது.

ஒவ்வொரு சான்றிதழுக்கும்: எந்த டொமைன்கள், எந்தக் கணக்கு, எந்த ரீஜன், ஏஆர்என். ஏசிஎம் வழங்கியதா, ஏற்றியதா. எங்கே மாட்டியிருக்கிறது. சரிபார்ப்பு சிநேம் எந்த டிஎன்எஸ் நிறுவனத்தில் இருக்கிறது, அங்கே உள்ளே நுழையும் உரிமை யாரிடம். இந்தக் கடைசி விவரத்தை எழுதாமல் விடுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. அமேசானுக்குள் எல்லா உரிமையும் உள்ளவர், டிஎன்எஸ் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். ஆளின் பெயரை எழுதாமல் பொறுப்பின் பெயரை எழுதுங்கள். ஆள் மாறுவார்.

அதன்பின் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பத்தி: இது வந்தால் என்ன அர்த்தம், முதலில் எங்கே பார்க்க வேண்டும், அப்படியே நகலெடுத்து ஓட்டக்கூடிய தேடல் எது, எப்போது அடுத்தவரை எழுப்ப வேண்டும். கிளவுட்ட்ரெயிலில் எந்தப் பெயரில் தேடுவது என்பதை முழுதாக எழுதுங்கள். விதிகளை டெராஃபார்ம் (கிளவுட் அமைப்புகளை நிரலாக எழுதும் கருவி) போன்றவற்றில் நிரலாக வைத்திருந்தால் ஆவணமும் அதே களஞ்சியத்தில் இருக்கட்டும். விதியை மாற்றுகிறவர் ஆவணத்தையும் மாற்றினாரா என்று ரிவ்யூவில் கேட்க முடியும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. ஆவணம் இருக்கும் விக்கி தளமும், அதில் நுழைய வேண்டிய லாகின் பக்கமும் இதே சான்றிதழில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் தேவைப்படும் நேரத்தில் ஆவணமும் திறக்காது. ஒரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள்.

மொபைல் ஆப்பில் சான்றிதழைப் பின் செய்திருக்கிறோம் (இதை மட்டுமே நம்பு என்று ஆப்பில் பதித்திருக்கிறோம்). அது சரியா?

எடுத்துவிடுங்கள். ஏசிஎம் புதுப்பிக்கும்போது புதிய சாவி வரும், பழைய பின் உடைந்துவிடும். இடைநிலைச் சான்றிதழை (உச்சியில் உள்ள ரூட் சான்றிதழுக்கும் உங்கள் சான்றிதழுக்கும் நடுவில் இருப்பது) பின் செய்வதும் நிற்காது. 2022 அக்டோபரிலிருந்து ஏசிஎம் பல இடைநிலைகளிலிருந்து மாறி மாறி வழங்குகிறது. தவிர்க்கவே முடியாது என்றால் அமேசானின் ரூட் சான்றிதழ்கள் அனைத்தையும் பின் செய்யுங்கள்.

அசூர், கூகுள் கிளவுடில்?

பெயர்கள் வேறு, கேள்விகள் அவையே. அசூரில் சான்றிதழ்கள் கீ வால்ட்டில் இருக்கும், அசூரின் ஆக்டிவிட்டி லாக் 90 நாள். அங்கும் தனியாக எடுத்துச் சேமிக்க வேண்டும். கூகுளில் நிர்வாகச் செயல்களின் தணிக்கைப் பதிவு 400 நாள் தானாகவே இருக்கும்.

எல்லாம் சரி, சான்றிதழ் இன்று காலை காலாவதியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

காலாவதியான ஏசிஎம் சான்றிதழை உயிர்ப்பிக்கப் பார்த்து நேரத்தை இழக்காதீர்கள். அதே டொமைன்களுக்குப் புதிதாக ஒன்று கேளுங்கள், டிஎன்எஸ் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுங்கள். சிநேம் மதிப்பு டொமைனுக்கும் அமேசான் கணக்குக்கும் சேர்த்து ஒன்றுதான், ஆகவே பழைய பதிவு டிஎன்எஸ்ஸில் இருந்தால் மறுபடி போட வேண்டியதில்லை. இல்லாவிட்டால் இப்போது போடுங்கள்; அது இல்லாமல் போனதுதான் பெரும்பாலும் காரணமாகவும் இருக்கும். பழைய சான்றிதழில் இருந்த எல்லா சப்டொமைன்களையும் கேட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை ஒப்பிடுங்கள், அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும்.

வழங்கப்பட்டதும் லிசனரிலோ கிளவுட்ஃபிரன்டிலோ மாற்றுங்கள். புதிய சான்றிதழின் ஏஆர்என் வேறு என்பதால், டெராஃபார்மில் பழைய எண் எழுதியிருந்தால் அதையும் உடனே திருத்துங்கள், இல்லையேல் அடுத்த வெளியீட்டில் அது பழையதை மீண்டும் மாட்டிவிடும். ஹெச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் அமைப்பு) போட்ட தளமாக இருந்தால், "எச்சரிக்கையைத் தாண்டிப் போங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் முடியாது, பிரவுசர் விடாது. போட்டிருக்காவிட்டாலும் அப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தளம் நின்றிருக்கிறது, இத்தனை மணிக்குள் வரும் என்று நேரடியாக அறிவியுங்கள்.

பழைய சான்றிதழை அழிக்க வேண்டாம். கடைசிப் புதுப்பித்தல் எப்போது முயற்சிக்கப்பட்டது, ஏன் தோற்றது என்ற நிலை விவரம் அதில்தான் இருக்கிறது. தளம் எழுந்த பிறகு அந்த விவரத்தையும், அதே தேதியை ஒட்டிய கிளவுட்ட்ரெயில் பதிவுகளையும் எடுத்து, ஆவணத்தில் அந்தச் சான்றிதழின் கீழே ஒட்டிவிட்டு அதன்பின் அழியுங்கள்.